டோக்கன் கொக்கியில் தொங்குகிறது: கன்ட்ரோல்டு மருந்துக்கு ஈ-பிரிஸ்கிரிப்ஷன் போடுபவர்கள் கொஞ்சம் வரவும்

புது ஸ்டெத் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். அமெரிக்காவில் ரெசிடென்சி முடித்து, மூன்று டாக்டர்கள் உள்ள ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்து மூன்றாவது வாரம் ஓடுகிறது. இரண்டு சிக்கல். தனித்தனி இழையாகப் போடலாமா என்று யோசித்தேன். இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டுவதால் சேர்த்தே கேட்கிறேன்.

முதலாவது, கன்ட்ரோல்டு மருந்துகளை (பழக்கமாகிவிடும் ஆபத்து உள்ளதால் அரசு கட்டுப்படுத்தும் மருந்துகளை) எலக்ட்ரானிக்காக எழுதுவதற்கு முன்னால் ஓர் அடையாளச் சரிபார்ப்பு இருக்கிறதே, அதில் இரண்டு தடவை தோற்றுவிட்டேன். ரெசிடென்சியில் இந்தத் தலைவலியே இல்லை. ஆஸ்பத்திரியின் டிஇஏ எண்ணில் (இந்த மருந்துகளை எழுத மத்திய போதைப்பொருள் தடுப்பு அமைப்பு தரும் பதிவு எண்) எழுதினோம், அலுவலகத்தில் போய் ஐடி அட்டையைக் காட்டினோம், டோக்கனைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இங்கே ஆன்லைனில் "2014இல் இவற்றில் எந்தத் தெருவில் வசித்தீர்கள்" என்று கேள்வி வருகிறது. 2014இல் நான் இந்த நாட்டிலேயே இல்லை.

இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. மூத்த டாக்டருடைய டோக்கன், ஆறு இலக்கம் காட்டுமே அந்தச் சாவிக்கொத்து மாதிரி ஒன்று, மெடிக்கல் அசிஸ்டன்டின் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் தொங்குகிறது. கீபோர்டைத் தூக்கினால் மஞ்சள் காகிதத்தில் அவருடைய பாஸ்வேர்டு. காலையில் ரீஃபில் (அதே மருந்தை மறுபடி) கேட்டு வருவதையெல்லாம் அந்த அம்மாவே முடித்துவிடுகிறார். தூக்க மாத்திரை ஸோல்பிடெம், வலி மாத்திரை டிரமடால் மட்டுமில்லை, கடுமையான ஓபியாய்டு வலி மருந்தான ஆக்ஸிகோடோனும்தான். நேற்று மூத்தவர் என்னிடம், "உன் டோக்கன் வந்ததும் நீயும் அதிலேயே மாட்டிடும்மா, ஒன்பது மணிக்குள்ள ரெண்டு பேர் வேலையும் முடிஞ்சிடும்" என்றார். நல்ல மனிதர், நோயாளிகள் அவரைக் கும்பிடாத குறை. நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

எல்லா இடத்திலும் இப்படித்தானா, இல்லை புதுசு என்பதால் நான்தான் பதறுகிறேனா?

கவுன்ட்டர் கமலா | செவ்வாய், இரவு 10.15

டாக்டரம்மா, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பதினோரு வருடமாக கிளினிக் மேனேஜர். இந்தச் சரிபார்ப்பை எத்தனை பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன் என்று கணக்கே இல்லை.

ஆஸ்பத்திரியாக இருந்தால் டாக்டர்களின் தகுதியைச் சரிபார்க்கும் அவர்களுடைய கிரெடென்ஷியலிங் அலுவலகமே உங்களை நேரில் பார்த்து உறுதி செய்யலாம், டிஇஏ விதியில் அதற்கு இடம் இருக்கிறது. தனி கிளினிக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கீகாரம் பெற்ற வெளி நிறுவனம் ஒன்றுதான் "இவர்தான் அவர்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் பெரும்பாலும் கிரெடிட் ஃபைலை, அதாவது கடன், முகவரி வரலாற்றை, தோண்டித்தான் கேள்வி கேட்பார்கள். நாடு வந்து கொஞ்ச காலமே ஆனவர்களுக்கு ஃபைலில் ஒன்றும் இருக்காது. எப்போதோ தகவல் திருட்டுக்குப் பயந்து கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்து மறந்திருந்தாலும் கேள்வியே வராமல் தோல்வி என்று காட்டும். அதை முதலில் திறந்து பாருங்கள்.

அப்புறம் நம்ம ஆட்களுக்கென்றே ஒரு சாபம் உண்டு: இனிஷியல். டிஇஏ சான்றிதழில் அப்பா பெயர் லாஸ்ட் நேம், லைசென்ஸில் அதே பெயர் மிடில் நேம், கிரெடிட் கார்டில் ஒற்றை எழுத்து. மெஷினுக்கு அது மூன்று ஆள். போன வருடம் எங்கள் டாக்டர் ஒருவர் நாலு முறை தோற்ற பிறகு எல்லாக் காகிதத்தையும் மேஜையில் பரப்பிப் பார்த்தோம். ஐந்து ஆவணத்தில் நாலு விதமாக எழுதியிருந்தது. டிஇஏ சான்றிதழில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் நோட்டரி முன்னால் ஆவணம் காட்டும் வழி உண்டா என்று அந்த நிறுவனத்தில் கேளுங்கள், சிலர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கை பரபரக்கிறது. சர்வர் சாமி முதலில் வரட்டும்.

சர்வர் சாமி | செவ்வாய், இரவு 11.02

வந்துவிட்டேன். டாக்டர்கள் பயன்படுத்தும் ரெக்கார்டு சாஃப்ட்வேரில் இந்தப் பகுதியில்தான் எனக்கு வேலை. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

2010 மார்ச் 31 அன்று டிஇஏ இடைக்கால இறுதி விதி என்று ஒன்றை வெளியிட்டது, ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. அதுவரை கன்ட்ரோல்டு மருந்தை, அதாவது ஷெட்யூல் இரண்டு (இருப்பதில் கெடுபிடியானது) முதல் ஐந்து வரை உள்ளதை, எலக்ட்ரானிக்காக அனுப்பவே முடியாது. ரத்த அழுத்த மாத்திரை கம்பியில் போகும், அதே நோயாளியின் தூக்க மாத்திரை காகிதத்தில் போகும். இப்படி இரட்டை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். பெயரில் "இடைக்கால" என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், பத்து வருடம் கழித்து 2020இல்தான் மறுபடி கருத்துக் கேட்கவே வந்தார்கள்.

விதியின் உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கையெழுத்துக்குப் பதிலாக இரண்டு சாட்சி. உங்களுக்குத் தெரிந்தது (பாஸ்வேர்டு), உங்களிடம் இருப்பது (டோக்கன்), உங்கள் உடம்பே (விரல்ரேகை, முகம்): இந்த மூன்றில் ஏதாவது இரண்டு. மருந்து எழுதும் கம்ப்யூட்டர் வேறு, டோக்கன் வேறாக இருக்க வேண்டும். அதனால்தான் போனில் இருக்கும் ஆப்பை டோக்கனாக வைத்துக்கொண்டு அதே போனில் மருந்தும் எழுத முடியாது. அந்த இரண்டு சாட்சியும் ஒரே மேஜையில், கொக்கியில் ஒன்றும் கீபோர்டுக்கு அடியில் ஒன்றுமாக இருந்தால், உங்கள் மூத்தவர் தன் கையெழுத்தை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து வரவேற்பறையில் வைத்துவிட்டார் என்று அர்த்தம்.

இது என் கருத்து இல்லை. டோக்கன் எழுதுபவரிடம் மட்டுமே இருக்க வேண்டும், பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. மீறினால் டிஇஏ பதிவையே நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். 888 டாலர் கட்டி மூன்று வருடத்துக்கு வாங்கும் எண் அது.

பழைய பேனா | புதன், காலை 6.20

எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் மனநல மருத்துவன், முப்பது வருட அனுபவம். அந்த மூத்த டாக்டரை இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாகிவிட்டது. அவர் தரப்பை யாராவது பேச வேண்டாமா?

என் நோயாளிகளில் பாதிப்பேர் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்பு) உள்ளவர்கள். மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெடமின், எல்லாம் ஷெட்யூல் இரண்டு, ரீஃபிலே கிடையாது. மாதாமாதம் புதுச் சீட்டு. ஒரு நாளைக்கு நாற்பது என்று வையுங்கள். நாற்பது முறை போனை எடுத்து, ஆறு இலக்கம் பார்த்து, அடிப்பதற்குள் இலக்கம் மாறி, மறுபடி அடித்து... ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக. எல்லாரையும் டிக் அடித்து ஒரே தடவையில் கையெழுத்துப் போட விட மாட்டேன் என்கிறது மெஷின். காகிதத்தில் பத்து நிமிட வேலை. அந்த நேரத்தில் இரண்டு நோயாளியிடம் உருப்படியாகப் பேசியிருப்பேன்.

அப்புறம் இன்னொன்று. டைப் அடிப்பது அசிஸ்டன்ட், மருந்தைத் தேடுவது அசிஸ்டன்ட், பார்மசி எது என்று கேட்பது அசிஸ்டன்ட். கடைசி ஆறு இலக்கம் மட்டும் என் கை அடித்தால் புனிதமாகிவிடுமா?

மாத்திரை மாமா | புதன், காலை 7.55

பழைய பேனா சார், உங்கள் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன்: ஆமாம், ஆகிவிடும். அந்த ஆறு இலக்கம் மட்டும்தான் எனக்குக் கவுன்ட்டரின் இந்தப் பக்கம் தெரியும்.

இருபத்திரண்டு வருடமாக பார்மசிஸ்ட். காகிதக் காலத்தை நீங்கள் பத்து நிமிட வேலை என்கிறீர்கள். எனக்கு அது துப்பறியும் வேலை. 10 என்று எழுதிய சீட்டில் 1 ஐ 4 ஆக்குவது ஒரே கோடு. மை நிறம் ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒருமுறை சந்தேகப்பட்டுச் சீட்டில் இருந்த நம்பருக்கே அழைத்தேன். "ஆமாம், டாக்டர்தான் எழுதினார்" என்று ஒரு பெண் அழகாகச் சொன்னார். பிறகுதான் தெரிந்தது, பேடே திருட்டு, அதில் நம்பரை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். இந்தச் சண்டை நேற்று வந்ததில்லை. கலிஃபோர்னியாவில் மூன்று நகல் சீட்டு முறை 1939இலேயே வந்துவிட்டது.

ஈ-பிரிஸ்கிரிப்ஷனில் அந்த வேலை போய்விட்டது. எனக்கு வரும் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு யாரும் தெருவில் நடக்கவில்லை. ஆனால் வேறு விதமான தப்பு வருகிறது, அது நைசாக வரும். கறுப்பு எழுத்து, சுத்தமான தாள், எல்லாம் சரியாகவே தெரியும்.

ஒரு நாள் லோராஸெபம் (பதற்றத்துக்கான மாத்திரை) சீட்டு வந்தது. எண்பது வயதுப் பாட்டி, வருடக்கணக்காக இரவில் 0.5 மில்லிகிராம். வந்த சீட்டில் 2 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. பட்டியலில் கீழே உள்ள வரியைத் தட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிகிறது. கிளினிக்குக்கு அழைத்தேன். "டாக்டரிடம் பேசணும்." "டாக்டர் இல்லையே சார், காலை ஃப்ளைட்டில் கிளம்பிட்டார், இன்னும் இறங்கியிருக்க மாட்டார்." என் திரையில் கையெழுத்து நேரம் 10.52. அப்போது மணி பதினொன்று அடித்து ஐந்து நிமிடம். "அப்போ பத்து ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டது யார்மா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் பிரிண்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மருந்தை நிறுத்தி வைத்தேன். பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த டாக்டரிடமிருந்து வரும் ஒவ்வொரு சீட்டையும் அதற்குப் பிறகு நான் காகிதச் சீட்டு மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத்தான் செய்தேன்.

சர்வர் சாமி | புதன், காலை 8.30

பழைய பேனா சார், நாற்பது நோயாளியையும் ஒரே தட்டில் கையெழுத்துப் போட முடியாதது சாஃப்ட்வேர்காரனின் சோம்பல் இல்லை. அதை விதியே தடுக்கிறது. ஒரே நோயாளிக்கு நாலு கன்ட்ரோல்டு மருந்து என்றால் நாலையும் ஒரே தடவையில் போடலாம். ஆள் மாறினால் மறுபடி முதலிலிருந்து. கையெழுத்துத் திரையில் நோயாளி பெயர், மருந்து, அளவு, எண்ணிக்கை, எப்படிச் சாப்பிட வேண்டும் எல்லாம் கண்ணெதிரே இருக்க வேண்டும். "இந்த இரண்டு சாட்சியையும் கொடுத்தால் சட்டப்படி கையெழுத்துப் போட்டதாகும்" என்ற வாசகமும் இருக்க வேண்டும். மாமா சொன்ன 2 மில்லிகிராம் அந்தத் திரையில்தான் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட வேண்டிய கண் விமானத்தில் இருந்தது.

ஆறு இலக்கம் அடிக்கப் பிடிக்கவில்லையா, விரல்ரேகைக் கருவி வாங்குங்கள். பாஸ்வேர்டு அடித்து விரலை வைத்தால் முடிந்தது. இன்னொரு லாபம், விரலைக் கொக்கியில் மாட்ட முடியாது.

பழைய பேனா | புதன், காலை 8.41

கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன். சரி.

நைட் ட்யூட்டி | புதன், மாலை 5.10

முதல் முறையாக இங்கே எழுதுகிறேன். நான் மெடிக்கல் அசிஸ்டன்ட். அந்தக் கொக்கிக்குப் பக்கத்தில் உட்காரும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இழை முழுக்க டாக்டர் பதிவு போகும், டாக்டர் எண் போகும் என்றே பேசுகிறீர்கள். எங்களை யாரும் யோசிக்கவில்லை. டோக்கனை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் முதல் நாள் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு, அலாரம் எண் என்று வரிசையாகக் கொடுத்தபோது இதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது என்ன என்றே எனக்குத் தெரியாது. ஏதோ சாஃப்ட்வேர் சாவி என்று நினைத்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு பயிற்சி வீடியோவில்தான் புரிந்தது, நான் தினமும் செய்துகொண்டிருந்தது இன்னொருவர் பெயரில் போதை மருந்துக்குக் கையெழுத்து என்று. அன்று மதியம் சாப்பிட முடியவில்லை.

"இனி என்னால் முடியாது சார்" என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் என் ஷிஃப்ட் மாறியது, அப்புறம் நானே விலகிவிட்டேன்.

புது ஸ்டெத் டாக்டர், நீங்கள் மறுப்பது சுலபம். அந்த அம்மா மறுப்பது சுலபமில்லை. அவரிடம் பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

கவுன்ட்டர் கமலா | புதன், மாலை 6.35

நைட் ட்யூட்டி, நல்லவேளை எழுதினாய்மா. நாங்கள் யாரும் தொடாத பக்கம்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். மூத்தவரிடம் போய் "தப்பு சார்" என்று மட்டும் சொன்னால் அவர் காதில் ஏறாது. காலை ஒன்பது மணிக்குள் ரீஃபில் முடிய வேண்டும் என்ற அவருடைய கவலை நியாயமானது. அதற்கு மாற்று கொடுத்தால்தான் கொக்கி காலியாகும். எங்கள் கிளினிக்கில் இப்படி ஓடுகிறது:

அசிஸ்டன்ட் எல்லாவற்றையும் தயார் செய்யலாம். மருந்து, அளவு, பார்மசி எல்லாம் அடித்து வரிசையில் வைப்பது சட்டப்படி சரிதான், டாக்டரின் உதவியாளராக அதைச் செய்ய டிஇஏ அனுமதிக்கிறது. மாநில மருந்துக் கண்காணிப்புப் பதிவேட்டை, அதுதான் பிடிஎம்பி, பார்ப்பதற்கும் பல மாநிலங்களில் டாக்டர் ஒருவரைப் பிரதிநிதியாகப் பதியலாம். அந்தத் தாளையும் சீட்டோடு சேர்த்துவிடுவோம். டாக்டர் மதியம் பன்னிரண்டே காலுக்கும் மாலை நாலரைக்கும் உட்கார்ந்து படித்துக் கையெழுத்துப் போடுவார். ஒருவருக்கு அரை நிமிடம் ஆகும். "மருந்து தீர மூன்று நாள் இருக்கும்போதே கேளுங்கள்" என்று நோயாளிகளிடம் ஒரு மாதம் விடாமல் சொன்னோம். காலைக் கூட்டம் தானாகக் குறைந்தது.

ஷெட்யூல் இரண்டுக்கு ரீஃபில் இல்லை என்றாலும், நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஒரே நாளில் மூன்று தனிச் சீட்டு எழுதலாம். மொத்தம் 90 நாள் மருந்துக்கு மேல் போகக் கூடாது. உடனே வாங்கும் முதல் சீட்டைத் தவிர மற்ற ஒவ்வொன்றிலும் "இந்தத் தேதிக்கு முன்னால் கொடுக்க வேண்டாம்" என்று போட வேண்டும். பழைய பேனா சாரின் நாற்பதில் நிறையப் பேருக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். உங்கள் மாநிலம் அதைவிடக் கெடுபிடியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டோக்கன் தொலைந்தால் தெரிந்த ஒரு வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும். எங்கள் டாக்டர் ஒருவர் வாஷிங் மெஷினில் போட்டு எடுத்தார். ஒவ்வொரு டாக்டருக்கும் இரண்டாவது வழி ஒன்று பதிந்து வையுங்கள், அப்போதுதான் வெள்ளிக்கிழமை மாலை அழ வேண்டியிருக்காது.

பழைய பேனா | புதன், இரவு 9.05

90 நாள் விஷயம் எனக்கும் தெரியும், பாதிப்பேருக்கு அப்படித்தான் போடுகிறேன். மீதிப் பாதிக்குத் தயங்குகிறேன், அது மருத்துவக் காரணம், அதை விடுங்கள்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம். மெடிகேர் பார்ட் டி (பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் மருந்துப் பிரிவு) எலக்ட்ரானிக் சீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறதே, அந்த விதியில் வருடத்துக்கு 100 கன்ட்ரோல்டு சீட்டோ அதற்குக் குறைவோ எழுதுகிறவர்களுக்கு விலக்கு உண்டு. என் நோயாளிகள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள், மெடிகேர் மிகக் குறைவு. அப்போ என் பேனாவை யாரும் பிடுங்க முடியாது அல்லவா?

சர்வர் சாமி | புதன், இரவு 9.50

மத்திய அரசு பிடுங்காது, மாநிலம் பிடுங்கும் சார்.

மத்திய சட்டம் 2018 அக்டோபரில் வந்த சப்போர்ட் சட்டம். முதலில் 2021 ஜனவரி என்றார்கள், தள்ளித் தள்ளி 2023 ஜனவரி முதல்தான் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். பார்ட் டி-யில் எழுதும் கன்ட்ரோல்டு சீட்டுகளில் 70 சதவீதமாவது எலக்ட்ரானிக்காக இருக்க வேண்டும், நீங்கள் சொன்ன 100 விலக்கும் அதில்தான். ஆனால் நியூயார்க் 2016 மார்ச் 27 முதலே கன்ட்ரோல்டு மட்டுமில்லை, எல்லா மருந்துக்கும் கட்டாயம் என்றுவிட்டது. டெக்ஸஸில் கன்ட்ரோல்டு மருந்துக்கு 2021 முதல், கலிஃபோர்னியாவில் எல்லா மருந்துக்கும் 2022 முதல். ஒவ்வொன்றிலும் விலக்குப் பட்டியல் வேறு வேறு. மெடிகேர் விலக்கைக் காட்டி மாநிலச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது.

மாத்திரை மாமா | புதன், இரவு 10.20

பேனாவையும் பேடையும் அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பூட்டி வையுங்கள். கம்பி அறுந்த நாளில் அதுதான் கை கொடுக்கும். அனுப்பிய சீட்டு போய்ச் சேரவில்லை என்று செய்தி வந்தால் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், ஆனால் "இன்ன பார்மசிக்கு இன்ன தேதி, இன்ன நேரம் அனுப்பினேன், போகவில்லை" என்று அதிலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் வரும் தாளைப் பார்த்தால் எனக்கு இரண்டு சீட்டு, இரண்டு மருந்து என்ற பயம் வரும். உண்மையான அவசரம் என்றால் ஷெட்யூல் இரண்டுக்குக்கூட போனில் சொல்லலாம், அந்த அவசரத்துக்குத் தேவையான அளவு மட்டும். ஏழு நாளுக்குள் சீட்டு வந்துவிட வேண்டும், வராவிட்டால் நான் டிஇஏ-வுக்குச் சொல்ல வேண்டியவன்.

டாக்டர்கள் பலருக்கு இன்னும் தெரியாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் ஆம்ஃபெடமின் தட்டுப்பாட்டை எஃப்டிஏ (மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அறிவித்தது நினைவிருக்கும். அப்போது எங்களிடம் சரக்கு இல்லை என்றால் நோயாளி திரும்ப டாக்டரிடம் போய், பழையதை ரத்து செய்து, வேறு பார்மசிக்குப் புதுசு அனுப்பச் சொல்ல வேண்டும். அம்மாக்கள் கவுன்ட்டரில் நின்று அழுதிருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 28 முதல் அந்த முறை மாறியது. இன்னும் மருந்து கொடுக்காத எலக்ட்ரானிக் சீட்டை, ஷெட்யூல் இரண்டாக இருந்தாலும், நோயாளி கேட்டால் ஒரே ஒரு முறை வேறு பார்மசிக்கு நாங்களே மாற்றலாம். பார்மசிஸ்ட்டும் பார்மசிஸ்ட்டும் நேரடியாகப் பேசி, எலக்ட்ரானிக்காகவே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். இருந்தும் "சிஸ்டத்தில் பட்டன் இல்லை" என்று சில இடங்களில் கையை விரிக்கிறார்கள். பட்டன் இல்லாதது சட்டத்தின் குற்றமில்லை.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோட்ஸ் பெட்டியில் சாப்பிடும் முறையை எழுதாதீர்கள். மேலே "தினம் ஒன்று", கீழே நோட்ஸில் "காலை இரண்டு, மாலை ஒன்று". எதை நம்புவது? கன்ட்ரோல்டு மருந்தில் இதற்காக மட்டும் வாரம் பத்து போன் போடுகிறேன்.

சர்வர் சாமி | புதன், இரவு 10.48

புது ஸ்டெத், உங்களுக்குக் கடைசியாக ஒரு ஆயுதம். ஒவ்வொரு மாதமும் முடிந்து ஏழு நாளுக்குள், அந்த மாதம் உங்கள் பெயரில் போன கன்ட்ரோல்டு சீட்டுகளின் பட்டியலை சாஃப்ட்வேர் உங்களுக்குத் தந்தாக வேண்டும். படிக்க வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை, அதனால் யாரும் படிப்பதில்லை. உங்கள் இன்பாக்ஸில் எங்கோ கிடக்கும்.

மூத்தவரை அவருடைய பட்டியலை ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தேதி போட்டிருக்கும். தான் கிளினிக்கிலேயே இல்லாத நாட்களில் எத்தனை கையெழுத்து என்று அவரே எண்ணட்டும்.

புது ஸ்டெத் | மூன்று வாரம் கழித்து, சனி, மதியம் 1.15

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

அடையாளச் சரிபார்ப்பு முடிந்தது. கமலாக்கா சொன்ன அதே சாபம்தான். டிஇஏ சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடுதல். அதே மாதிரி அடித்ததும் நிமிடத்தில் போய்விட்டது.

மூத்தவரிடம் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். "பார்க்கிறேன்மா" என்றார், அவ்வளவுதான். நான் வற்புறுத்தவில்லை. அசிஸ்டன்ட் அம்மாவிடம் மட்டும் தனியாக, நைட் ட்யூட்டி எழுதியதை மனதில் வைத்து, என் டோக்கன் என் சட்டைப் பையிலேயே இருக்கும், தயார் செய்து வைத்தால் மதியம் நானே வந்து போடுகிறேன் என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் விஷயம் திரும்பியது வேறு இடத்தில். என்னை சிஸ்டத்தில் கன்ட்ரோல்டு எழுத அனுமதிக்க இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் என் விவரத்தை ஏற்ற வேண்டும். இரண்டாமவர் ஏற்கனவே டிஇஏ பதிவு உள்ள டாக்டர், தன் இரண்டு சாட்சியோடு ஒப்புதல் தர வேண்டும். சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டே இருந்தார். "டாக்டர், நீங்களே உங்கள் டோக்கனைப் பார்த்து அடியுங்கள்."

மூத்தவர் தன் மேஜையில் தேடினார். பிறகு வெளியே போய்க் கொக்கியிலிருந்து எடுத்து வந்தார். திரையில் பாஸ்வேர்டு கேட்டது. ஒன்று அடித்தார், சிவப்பு. இன்னொன்று அடித்தார், சிவப்பு. வீடியோ ஆள், "இன்னும் ஒரு தடவை தவறினால் பூட்டிவிடும் சார்" என்றார். மூத்தவர் கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்தார். கதவு பக்கம் திரும்பி, அந்த அம்மாவை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "என் பாஸ்வேர்டு என்னம்மா?" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். வீடியோ ஆள் தன் பேனாவைப் பார்த்தார். மூத்தவருக்கு அப்போதுதான் தான் கேட்டது காதில் விழுந்தது போல இருந்தது. "இல்லை, வேண்டாம், சொல்லாதே" என்றார். அழைப்பை நிறுத்திவிட்டு, அன்று மாலை புதுப் பாஸ்வேர்டு போட்டு, மறுநாள் எனக்கு ஒப்புதல் கொடுத்தார். திங்கள்கிழமை விரல்ரேகைக் கருவி இரண்டு ஆர்டர் போனது. போன வாரம் மதியம் பன்னிரண்டே காலுக்கு அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒன்றை நிறுத்தி, "இவருக்கு ஏன் இன்னும் ஆல்ப்ரஸோலம் போயிட்டிருக்கு? நான் எப்பவோ குறைச்சேனே" என்றார்.

பழைய பேனா | சனி, மதியம் 2.30

நானும் என் பட்டியலைத் திறந்தேன். என்ன பார்த்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. விரல்ரேகைக் கருவி எந்த மாடல் என்று தனி மடலில் சொல்லம்மா.

மாத்திரை மாமா | சனி, மாலை 4.05

கொக்கி இன்னும் இருக்கிறதா?

புது ஸ்டெத் | சனி, மாலை 4.12

இருக்கிறது. இப்போது அதில் கழிப்பறைச் சாவி தொங்குகிறது.